வயிற்றுப் பையின் கதை

"வயித்துல பை வெச்சிருக்காங்களாம்" என்று நம் பக்கத்தில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். குடலில் புற்றுநோயோ, அடைப்போ, அடிபட்ட காயமோ வந்தால், சில சமயம் டாக்டர்கள் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். மலம் அந்த வழியாகப் பையில் விழும். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். என் உறவினர் ஒருவருக்கு இப்படி ஆன பிறகு பாலசமுத்திரத்தை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பழனி தைப்பூசமும் இல்லை, கல்யாணப் பந்தியும் இல்லை. அவருக்காகத்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆபரேஷன் ஒன்றும் புதிதல்ல. 1793-லேயே பிரான்சில் டூரே என்ற டாக்டர், மலத்துவாரம் இல்லாமல் பிறந்த பச்சைக் குழந்தைக்கு இப்படி வழி செய்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. ஆனால் அந்த வழியோடு நாலு பேர் மத்தியில் எப்படி உட்காருவது? அதற்கு விடை வர இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை துணியும், பெல்ட்டில் கட்டிய ரப்பர் பையும்தான். ஒழுகும், நாறும், தோல் வெந்துபோகும்.

டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய சகோதரி தோரா ஆபரேஷனுக்குப் பிறகு, எங்கே ஒழுகிவிடுமோ என்று பயந்து வெளியே போகாமல் இருந்தார். அதைப் பார்த்த எலிசே 1954-ல் ஒரு யோசனை செய்தார்: தோலில் ஒட்டிக்கொள்ளும், கழற்றி எறியக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பை. பிளாஸ்டிக் தொழில் செய்த லூயி ஹான்சன் முதலில் தயங்கினார். அவர் மனைவியும் நர்ஸ். அவர் எடுத்துச் சொன்ன பிறகே பை உருவாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனை டாக்டர் டர்ன்புல், தோல் புண்ணாகாமல் இருக்க ஒரு பிசினைப் பயன்படுத்தினார். அதுதான் காராயா பிசின். நம் நாட்டுக் காடுகளில் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறி எடுப்பது. பாதாம் பிசின் போலத் தண்ணீரில் உப்பும். அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணியை 1958-ல் வேலைக்கே வைத்துக்கொண்டார். அந்தம்மா நர்ஸ் படிப்பு படித்தவரல்ல. தானும் பை வைத்திருந்ததால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. 1961-ல் அங்கே இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. இன்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும் நர்ஸ்களுக்கு இந்தத் தனிப் பயிற்சி உண்டு.

இவர்கள் சொல்லிக்கொடுப்பது எளிய விஷயங்கள்தான். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. தட்டில் வெட்டும் ஓட்டை ஸ்டோமாவை விடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். அதிகம் பெரிதானால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருப்பதுதான் ஆரோக்கியம். கறுத்துப்போனால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

என் உறவினரை இதில் ஒன்றையும் சொல்லிக்கொடுக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் புண்ணோடு கிடந்தார். பிறகு விவரம் தெரிந்த ஒரு நர்ஸ் அம்மா அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே பையை மாற்றவைத்தார். இரண்டே வாரத்தில் தோல் ஆறியது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், ஊருக்குக் கிளம்பும் முன் நர்ஸிடம் கேட்டு, பை மாற்றுவதை நோயாளியும் வீட்டில் ஒருவரும் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.