அளவுக் கருவியிலிருந்து விரல் ரேகைக்கு: வங்கக் காவல்துறையின் 1897 ஆம் ஆண்டுத் தேர்வு

1897 மார்ச்சில் கல்கத்தாவில் இருவர் குழு ஒன்று கூடியது. ஒருவர் இந்திய நில அளவைத் துறையின் தலைவர் சார்லஸ் ஸ்ட்ராஹான். மற்றவர் வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லர். பழைய குற்றவாளியை அடையாளம் காண உடலை அளப்பதா, விரல் ரேகையைப் பதிவதா என்பதுதான் அரசு அவர்கள் முன் வைத்த கேள்வி. இருவருமே காவல்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அளவையில் பிழை எப்படி நுழைகிறது என்பதை ஒருவரும், சோதனையை எப்படி நடத்த வேண்டும் என்பதை மற்றவரும் தொழில்முறையாக அறிந்திருந்தனர். காவல்துறைக்கான ஒரு தொழில்நுட்பத்தை வெளியார் சோதித்துத் தேர்ந்த தொடக்ககால நிகழ்வுகளில் இது முக்கியமானது.

உடலளவை முறை பாரிஸில் 1880களின் தொடக்கத்தில் அல்போன்ஸ் பெர்த்தியோன் வகுத்தது. தலையின் நீள அகலம், நடுவிரல், பாதம், முன்கை என 11 அளவுகளை எடுத்து அட்டைகளில் பதிந்து அடுக்குவார்கள். வங்கத்தில் 1891இல் காவல்துறைத் தலைவரான எட்வர்டு ஹென்றி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இம்முறையைச் சுருக்கிக் கொண்டுவந்தார். அதில் நம்பிக்கை வைத்திருந்த அவரே அதன் குறைகளையும் பட்டியலிட்டார் என்பது கவனத்துக்குரியது. கருவிகள் விலை கூடியவை, எளிதில் பழுதாகுபவை. அளப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மாவட்டச் சிறையில் ஒருவர் தவறாக அளந்து அனுப்பிவிட்டால் அந்தத் தவறைத் தலைமை அலுவலகத்தில் கண்டறியவே முடியாது என்பதுதான்.

விரல் ரேகைக்கு மையும் தகரத் தகடும் தாளும் போதும். பதிவு மங்கலாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். திருப்பி அனுப்பி மறுபடி எடுக்கச் சொல்லலாம். ரேகையின் பயன் வங்கத்துக்குப் புதிதும் அல்ல. ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் 1858இலேயே ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருந்தார். ரேகைகள் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை என்பதை 1892இல் பிரான்சிஸ் கால்டன் தம் நூலில் விரிவாக நிறுவினார். ஆயினும் காவல்துறைக்கு அது பயன்படவில்லை. பல்லாயிரம் தாள்களுக்கு நடுவே வேண்டிய ஒன்றைத் தேடி எடுக்கும் வழி இல்லாததே காரணம். இங்கிலாந்தில் 1894இல் உடலளவையை முதன்மையாகவும் ரேகையைத் துணையாகவும் வைத்து ஒரு கலப்பு முறையை ஏற்றுக்கொண்டதன் பின்னணி இதுவே.

அந்த வழியைத் திறந்தவர்கள் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய இரு இந்திய அதிகாரிகள்: கணிதம் கற்ற அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரிப்பார்கள். முதல் இணையில் சுழி வடிவம் இருந்தால் 16, இரண்டாவதில் 8, பிறகு 4, 2, 1 என மதிப்பிடுவார்கள். இணையின் ஒரு விரலுக்குரிய மதிப்புகள் மேலே, மற்றதற்குரியவை கீழே. இரண்டு கூட்டுத்தொகையோடும் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னம் கிடைக்கும். மேலே 32, கீழே 32 வாய்ப்புகள். ஆக 1,024 அறைகள் கொண்ட அலமாரி. வந்த தாள் எந்த அறைக்குரியது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். எந்த விரலிலும் சுழி இல்லாதவர்களின் தாள்கள் ஒரே அறையில் குவிந்ததால் அங்கே ரேகைகளை எண்ணி உட்பிரிவும் செய்தார்கள். இந்த முறை இன்றும் ஹென்றியின் பெயரிலேயே வழங்குகிறது. இருவருக்கும் பிற்காலத்தில் பட்டமும் பணமும் கிடைத்தன, பெயர் கிடைக்கவில்லை. அந்த நீதி இன்னும் செய்யப்படவில்லை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

குழு ரேகையைத் தேர்ந்தது. எளிமை, குறைந்த செலவு, விரைவு, முடிவின் உறுதி ஆகியவற்றோடு அது காட்டிய இன்னொரு காரணம்தான் என் பார்வையில் ஆழமானது: திறமை தேவைப்படும் வேலை முழுவதும் தலைமை அலுவலகத்துக்கு மாறிவிடுகிறது. கடைநிலைக் காவலர் மை தடவிப் பதித்தால் போதும். பகுத்தறியும் பொறுப்பு பயிற்சி பெற்ற சிலரிடம் இருக்கும். கருவியை மட்டும் பார்க்காமல், அது யார் கையில் இயங்கப்போகிறது, பிழை நேர்ந்தால் எங்கே பிடிபடும் என்றும் பார்த்த தேர்வு அது. ஜூன் மாதம் அரசு ஒப்புதல் தந்தது. கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் அமைந்தது.

அதே ஆண்டு ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டார். அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் மீதிருந்த கட்டைவிரல் பதிவு, பணியகத்தில் இருந்த பழைய கைதி ஒருவரின் ரேகையோடு ஒத்துப்போனது. 1898இல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்கு மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை ஒருவர் அந்த இடத்தில் இருந்ததைச் சொல்லும், செய்ததைச் சொல்லாது என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருந்தது. 1899இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது; 1901இல் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறைக்கு மாறியது.

ஆனால் யாருடைய ரேகையை எடுக்கலாம் என்ற கேள்வி குழுவின் முன் வைக்கப்படவில்லை. தண்டனை பெற்றவருக்காகத் தேர்ந்த கருவி, 1911 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வழியே, பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்ட சமூகங்கள் மீது திரும்பியது. மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவு செய்யப்பட்டவர் இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. 16 பேர் இறந்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட 1947 வரை ஆயிற்று.

2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் ரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் சேர்த்துக்கொண்டது. தண்டனை பெறாமல் கைது மட்டும் செய்யப்பட்டவர்களும் அதன் எல்லைக்குள் வருகிறார்கள். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம்.