லயத்து வீட்டுப்பாடம்

மலையகத் தோட்டப் பாடசாலையின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் பரவலாக அரசின் பொறுப்புக்கு வந்ததோ 1977ஆம் ஆண்டிலிருந்துதான். லிந்துலையும் இப்பொதுநிலைக்கு விலக்கன்று.

ஓரறை, ஓராசிரியர், பல வகுப்புகள் என்பதே பழைய தோட்டப் பாடசாலையின் அமைப்பு. ஒரு வகுப்பு பாடங் கேட்கையில் ஏனையவை சிலேட்டில் எழுதின. எனவே வாரப் பாடத்தின் பெரும்பகுதி பிள்ளையின் தனிமுயற்சிக்கு விடப்பட்டது. அம்முயற்சி தொடரவேண்டிய வீடோ, 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பிரா. அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேயே. வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கு. கொழுந்தெடுத்துத் திரும்பும் தாய்க்குத் தண்ணீரும் சமையலும் காத்திருந்தன. மூத்த பிள்ளைக்குத் தம்பி தங்கையர்.

பாடசாலையும் லயமும் முன்னர் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தவை. பாடசாலை கல்வி அமைச்சுக்கு மாறியபோது லயம் தோட்ட நிர்வாகத்திடமே நின்றது. 1980களில் சுவீடனின் உதவி வகுப்பறையை எட்டியது, காம்பிராவை எட்டவில்லை. ஆகவே, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைச் சோம்பேறி என்பது வரலாற்றின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும். வீட்டுரிமைக் கோரிக்கை கல்விக் கோரிக்கையுமாகும் என்பதே நமது துணிபு.