ஷாதுலிய்யா தரீக்காவின் ஸில்ஸிலா: பெருமையா? அமானிதமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனது ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

நம் முன்னோர்கள் பலரது இல்லங்களில் சட்டமிட்ட ஒரு தாள் சுவரில் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். மேலே நாயகம் (ஸல்) அவர்களின் திருநாமம். அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக முப்பது, நாற்பது பெயர்கள். இறுதியில் அந்த இல்லத்தார் பைஅத் பெற்ற ஷெய்கின் பெயர். இதற்கே ஸில்ஸிலா, அதாவது சங்கிலித் தொடர் என்று பெயர்.

இன்று அந்தத் தாள் பல குடும்பங்களில் ஒரு பிணக்குக்குக் காரணமாகிவிட்டது. "இதற்கு ஹதீஸில் ஆதாரம் உண்டா?" என்று பிள்ளை கேட்கிறார். "எங்கள் பாட்டனார் பொய்யைச் சுவரில் மாட்டினாரா?" என்று தந்தை மனம் நோகிறார். இருவருமே நம்மிடம் வருகின்றனர். ஒருவர் அனைத்தையும் மறுக்கச் சொல்கிறார். மற்றவர் அனைத்தையும் ஒரு சொல் விடாமல் ஏற்கச் சொல்கிறார். இப்பிணக்கைத் தீர்க்க ஓரளவேனும் வரலாறு தெரிந்திருத்தல் அவசியம். ஆகவே, நம் கடற்கரை ஊர்களில் நன்கு அறியப்பட்ட ஷாதுலிய்யா தரீக்காவின் தோற்றத்தையும் தொடரையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பெயர் பிந்தியது, பொருள் முந்தியது

ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து, இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகிய மூன்றைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவிய ஹதீஸை மத்ரஸாவின் முதல் வகுப்பு மாணவரும் அறிவார். இஸ்லாத்தின் கடமைகளை விளக்கப் ஃபிக்ஹுக் கலையும், ஈமானை விளக்க அகீதாக் கலையும் வளர்ந்தன. இறைவனைக் காண்பது போல் வணங்கும் இஹ்ஸானைக் கைக்கொள்ளும் முறையே தஸவ்வுஃப் ஆயிற்று. ஹிஜ்ரி 298-ல் (கி.பி. 910) மறைந்த ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) போன்றோர் அதன் இமாம்களாகத் திகழ்ந்தனர்.

ஆனால் ஒரு ஷெய்கின் பெயரால் அழைக்கப்படும் தரீக்காக்கள் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டுக்குப் பிறகே உருப்பெற்றன. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 561; ஸையிது அஹ்மது கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 578. ஷாஃபியீ, ஹனஃபீ என்ற மத்ஹபுப் பெயர்கள் ஸஹாபாக்கள் காலத்தில் இல்லை; ஆயினும் தொழுகை இருந்தது. அதுபோலவே தரீக்காவின் பெயர் பிந்தியது. அது கற்பிக்க முனைந்த பொருள் முந்தியது.

தூரத்தில் தேடியவர் அண்மையில் கண்டார்

ஷாதுலிய்யா தரீக்காவின் தலைவர் இமாம் அபுல் ஹஸன் அலீ ஷாதுலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593 (கி.பி. 1196-97) வாக்கில் மொராக்கோவின் வடபகுதியிலுள்ள குமாரா என்னும் நிலப்பகுதியில் பிறந்தார்கள். இமாம் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல் என்று அவர்களது வம்சாவளி கூறுகிறது. மார்க்கக் கல்வியை நிறைவாகக் கற்ற பின், காலத்தின் குத்பைத் தேடி இளமையிலேயே கிழக்கு நோக்கிப் பயணமானார்கள்.

இராக்கில் அபுல் ஃபத்ஹ் வாஸிதீ (ரஹ்) என்னும் ரிஃபாயிய்யா ஷெய்கைச் சந்தித்தார்கள். "நீர் இராக்கில் தேடுகின்ற குத்பு உமது சொந்த நாட்டிலேயே இருக்கிறார், திரும்பிச் செல்லும்" என்ற கருத்தில் அந்த ஷெய்கு கூறினார்கள். பல்லாயிரம் கல் கடந்து வந்தவர் வந்த வழியே திரும்பினார்.

மொராக்கோவின் ஜபலுல் அலம் மலையுச்சியில் தனித்து வணங்கி வந்த மௌலானா அப்துஸ் ஸலாம் இப்னு மஷீஷ் (ரஹ்) அவர்களே அந்தப் பெரியார். மலையடிவாரத்தில் ஊற்று ஒன்று இருந்தது. ஷாதுலி நாயகம் அதில் குளித்து, தம் கல்வியையும் அமல்களையும் பற்றிய எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஏதுமற்ற ஏழையாக மேலே ஏறினார்கள். எதிரே இறங்கி வந்த இப்னு மஷீஷ் (ரஹ்) அவர்கள், வந்தவரின் வம்சாவளியை நாயகம் (ஸல்) அவர்கள் வரை ஒவ்வொரு பெயராகச் சொல்லி வரவேற்றார்கள் என்று இந்நிகழ்ச்சி அறிவிக்கப்படுகிறது.

இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வம்சம் அங்கே நினைவுகூரப்பட்டது உண்மை. எனினும் அது கூறப்பட்டது, தாம் பெற்றிருந்த அனைத்தையும் அடிவாரத்தில் துறந்து வந்தவரிடமே.

இப்னு மஷீஷ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 625 வாக்கில், பொய்யாகத் தன்னை நபியென வாதிட்ட ஒருவனின் ஆட்களால் ஷஹீதாக்கப்பட்டார்கள். இன்றும் அம்மலை மொராக்கோ மக்கள் நாடிச் செல்லும் இடமாகவே விளங்குகிறது.

தூனிஸிலிருந்து ஹுமைதராவுக்கு

ஷெய்கின் கட்டளைப்படி ஷாதுலி நாயகம் இன்றைய துனீசியாவிலுள்ள ஷாதிலா என்னும் சிற்றூரை அடைந்து, அருகிலுள்ள ஸக்வான் மலையில் வணக்கத்தில் ஈடுபட்டார்கள். அவ்வூரின் பெயராலேயே 'ஷாதுலி' என்ற பெயர் நிலைத்தது. பின்னர் தூனிஸ் நகரில் மக்கள் திரண்டு வரலாயினர். அந்நகரின் தலைமைக் காஜி இப்னுல் பர்ரா அவர்களை எதிர்த்தார். அரசனிடம் புறம் கூறினார். எகிப்து வரை எதிர்ப்பு தொடர்ந்தது. ஷாதுலி நாயகம் அவருடன் வசைபாடி வாதிடவில்லை. ஹிஜ்ரி 642 (கி.பி. 1244) வாக்கில் அலெக்சாந்திரியாவில் குடியேறித் தம் பணியைத் தொடர்ந்தார்கள்.

எகிப்தின் பெரும் உலமாக்களும் அவர்களது சபையில் அமர்ந்தனர். ஷாஃபியீ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் அவர்களுள் ஒருவர். கி.பி. 1250-ல் சிலுவைப்போர்ப் படைகளை எதிர்த்து மன்ஸூராவில் முஸ்லிம்கள் போராடிய வேளையில், பார்வை மங்கிய முதுமையிலும் ஷாதுலி நாயகம் அப்பாசறையில் இருந்தார்கள். அங்கே ஒரு கூடாரத்தில் உலமாக்கள் கூடி இமாம் குஷைரீ (ரஹ்) அவர்களின் 'ரிஸாலா'வை வாசித்து, ஷாதுலி நாயகத்தின் விளக்கத்தைக் கேட்டனர் என்று வரலாறு கூறுகிறது. மூலையில் ஒதுங்கும் துறவு அவர்களது வழியன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஹிஜ்ரி 656-ல் (கி.பி. 1258) ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, மண்வெட்டியும் கூடையும், மையித்துக்குரிய நறுமணப் பொருளும் எடுத்துவரும்படி சீடரிடம் பணித்தார்கள். "எதற்கு?" என்று கேட்டவரிடம், "ஹுமைதராவில் தெரியும்" என்ற பொருளில் விடையளித்தார்கள். அந்தப் பாலைவெளியிலேயே அவர்கள் வஃபாத்தாகி அடக்கம் செய்யப்பட்டார்கள். மங்கோலியர் பக்தாதை அழித்ததும் அதே ஆண்டில்தான். ஒருபுறம் கிலாஃபத்தின் தலைநகர் வீழ்ந்தது; மறுபுறம் தமக்கென ஒரு நூலும் எழுதி வைக்காத ஒருவரின் வழி உலகெங்கும் பரவத் தொடங்கியது. தம் தோழர்களே தம் நூல்கள் என்பது அவர்களது கருத்து.

இரண்டு தொடர்கள்

இனி, சுவரில் தொங்கும் அந்தத் தாளுக்கு வருவோம். ஷாதுலி நாயகத்திற்கு இரண்டு தொடர்கள் கூறப்படுகின்றன. ஒன்று, இப்னு மஷீஷ் (ரஹ்), அவர்களது ஷெய்கு அப்துர் ரஹ்மான் மதனீ (ரஹ்) ஆகியோர் வழியே குத்புமார்கள் ஒருவர்பின் ஒருவராக இமாம் ஹஸன் (ரலி) அவர்களையும், அலீ (ரலி) அவர்களையும் சென்றடைவது. மற்றொன்று, அவர்கள் இளமையில் கிர்கா என்னும் போர்வையைப் பெற்ற இப்னு ஹராஸிம் (ரஹ்) வழியே அபூ மத்யன் (ரஹ்), பின்னர் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்), ஹஸன் பஸரீ (ரஹ்) ஆகியோர் மூலம் அலீ (ரலி) அவர்களை அடைவது.

இவ்விரண்டாம் தொடரில் ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரு வினா எழுப்பினர். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம் நேரில் செவியுற்றார்களா? கிர்கா அணிவித்த அறிவிப்பு ஸஹீஹானதா? ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், கிர்காவின் அறிவிப்புத் தொடர் எதுவும் நிரூபணமாகவில்லை என்றார்கள். அவர்களது மாணவர் ஹாஃபிழ் ஸகாவீ (ரஹ்) அவர்களும் அதையே எழுதினார்கள்.

ஆனால் அதே கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் மறுத்துத் தனி ரிஸாலா எழுதினார்கள். ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் உமர் (ரலி) அவர்களது ஆட்சியின் இறுதியில் மதீனாவில் பிறந்தவர்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது ஏறத்தாழ 14 வயதினர். அதுவரை அலீ (ரலி) அவர்களும் மதீனாவில்தான் இருந்தார்கள். ஒரே பள்ளியில் தொழுதவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள் என்று எவ்வாறு கூறுவது? இதுவே அவர்களது வாதத்தின் சாரம். ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் தாமே ஷாதுலிய்யா வழியைச் சார்ந்தவர்கள்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஸகாவீ (ரஹ்) அவர்களிடம் உள்ளது. அறிவிப்பு நிரூபணமாகவில்லை என்று எழுதிய அதே பேனாவால் மற்றொன்றையும் எழுதினார்கள்: நல்லோர்களின் பரக்கத்தை நாடி, அவர்களைப் பின்பற்றும் எண்ணத்துடன், தாமும் ஸூஃபியாக்கள் சிலருக்குக் கிர்கா அணிவித்ததாக, அதுவும் கஅபாவின் எதிரிலேயே அணிவித்ததாகக் குறிப்பிட்டார்கள். ஆய்வில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அதபிலும் குறைவைக்கவில்லை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் தங்க முடியும் என்பதை நாம் ஏன் மறந்தோம்?

எதிர்த்தவரே வாரிசானார்

ஷாதுலி நாயகத்தின் கலீஃபா அபுல் அப்பாஸ் முர்ஸீ (ரஹ்) அவர்கள் அந்தலூஸின் முர்ஸியா நகரைச் சேர்ந்தவர்கள். ஹஜ்ஜுக்குச் சென்ற வழியில் கப்பல் உடைந்து தந்தை மூழ்கிவிட, உயிர் தப்பித் தூனிஸில் கரை சேர்ந்து ஷெய்கை அடைந்தவர்கள். ஹிஜ்ரி 686-ல் (கி.பி. 1287) அலெக்சாந்திரியாவில் மறைந்தார்கள்.

அவ்வூரில் மாலிகீ மத்ஹபைச் சார்ந்த இளம் அறிஞர் ஒருவர் இருந்தார். ஸூஃபியாக்களை மறுப்பதில் அவரது பாட்டனாரும் பெயர் பெற்றவர். அவரும் முர்ஸீ (ரஹ்) அவர்களைக் கடுமையாக மறுத்தவர். இறுதியில், "நேரில் சென்று கேட்டுப் பார்ப்போம்" என்று சபைக்குச் சென்றார். கேட்டார், தங்கினார். அவர்தாம் 'ஹிகம்' என்னும் புகழ்பெற்ற நூலை இயற்றிய இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) அவர்கள். கல்விப் பணியைக் கைவிட்டு ஷெய்குடன் தங்கிவிட அவர் எண்ணியபோது, இருக்கும் பணியிலேயே இரும். உமக்குரியது அங்கேயே வந்து சேரும் என்ற கருத்தில் ஷெய்கு திருப்பியனுப்பினார்கள். வணிகர் கடையை மூடுவதும், தொழிலாளி தொழிலைத் துறப்பதும் இத்தரீக்காவின் வழியன்று. ஷாதுலி நாயகத்தின் வரலாற்றை 'லதாயிஃபுல் மினன்' என்ற நூலில் எழுதிப் பாதுகாத்தவரும் அந்த முன்னாள் எதிர்ப்பாளரே. ஹிஜ்ரி 709-ல் (கி.பி. 1309) கெய்ரோவில் மறைந்தார்கள்.

நம் கரை வரை

அத்தொடரில் பின்னர் வந்த அஹ்மது ஸர்ரூக் (ரஹ்) அவர்கள், ஃபிக்ஹும் தஸவ்வுஃபும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கலாகாது என்பதை 'கவாயிதுத் தஸவ்வுஃப்' நூலில் வகுத்துரைத்து, ஹிஜ்ரி 899-ல் (கி.பி. 1493) லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் மறைந்தார்கள். 2012 ஆகஸ்டில் அவர்களது அடக்கத்தலம் முஸ்லிம்கள் சிலராலேயே இடிக்கப்பட்டது. வீட்டுக்குள் அதபின்றித் தொடங்கும் பிணக்கு எங்கே சென்று முடியும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

மொராக்கோவில் மௌலாய் அல்-அரபீ தர்காவீ (ரஹ்) (மறைவு கி.பி. 1823), அவர்களிடமிருந்து முஹம்மது ஹஸன் ழாஃபிர் மதனீ (ரஹ்), அவர்களிடமிருந்து ஹிஜ்ரி 1289-ல் (கி.பி. 1872) மக்காவில் மறைந்த முஹம்மது ஃபாஸீ (ரஹ்) எனத் தொடர் நீண்டது. ஃபாஸீ நாயகத்தின் பெயரால் ஃபாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா என்றழைக்கப்படும் இக்கிளை, அவர்களது கலீஃபாக்கள், சீடர்கள் மூலம் இலங்கைக்கும் காயல்பட்டினம் முதலான நம் கடற்கரை ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. வணிகத்தை விடாமலே திக்ரில் நிலைக்கலாம் என்ற வழி, கடல்வணிகம் செய்த நம் முன்னோருக்குப் பொருந்தியதில் வியப்பில்லை.

இறுதியாக

அன்பு இளைஞர்களே! நாம் ஓதிக் கொடுக்கும் ஹதீஸுக்கும் நம் உஸ்தாதுமார்கள் வழியே ஒரு ஸனது உண்டு. அதில் நம் பெயர் எழுதப்பட்டதால் நாம் இமாம் புகாரி (ரஹ்) ஆகிவிடவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொறுப்பே கூடிற்று. ஸில்ஸிலாவும் அத்தகையதே. அதன் வளையங்களை ஆராய்வது தவறன்று. இப்னு ஹஜர் (ரஹ்) ஆராய்ந்தார்கள். ஆனால் ஆராய்வதற்கும் ஏளனம் செய்வதற்கும் நெடுந்தூரம் உண்டு. இப்னு அதாவுல்லாஹ் (ரஹ்) மறுத்த பின்னரும் நேரில் சென்று கேட்டார்கள். நீங்களும் உங்கள் தந்தையின் அருகில் அமர்ந்து கேளுங்கள்.

கண்ணியமிக்க பெரியவர்களே! தமக்குத் தோன்றும் கஷ்ஃபு குர்ஆனுக்கும் ஸுன்னத்துக்கும் முரண்பட்டால் கஷ்ஃபை விட்டுவிடுங்கள் என்று போதித்தவர்கள் ஷாதுலி நாயகம். சுபுஹு ஜமாஅத்தில் நம் ஸஃப்பு காலியாக இருக்கையில், சுவரிலுள்ள ஸில்ஸிலா நமக்குச் சாட்சி சொல்லுமா, நமக்கெதிராகச் சாட்சி சொல்லுமா? மலையடிவார ஊற்றில் பெருமையைக் கழுவியவரின் பெயரை, நாம் பெருமைக்காக மாட்டி வைக்கலாமா? அது அமானிதம். பிள்ளைகள் வினவினால் சினம் கொள்ளாது, அந்தப் பெயர்களின் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! உன் நேசர்களின் மீது அன்பையும், உன் தூதரின் ஸுன்னத்தின் மீது உறுதியையும் எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! எங்கள் ஜமாஅத்தின் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.