செவ்வாய்க்குச் சென்ற நத்தார்த் தாத்தா

கலைத்தரம் வாய்ந்த படைப்புக்களையே ஒரு காலத்தின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வலுவாக உண்டு. தரங் குன்றியவை நகைப்புக்கு மட்டுமே உரியனவோ என்ற ஐயம், 1964 நவம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'சான்ரா குளோஸ் கொன்கர்ஸ் த மார்ஷன்ஸ்' என்னும் சிறுவர் விஞ்ஞானப் படத்தைப் பார்த்தபொழுது எனக்கு எழுந்தது.

நிக்கலஸ் வெப்ஸ்ரர் நெறிப்படுத்திய இப்படம் ஹொலிவூட்டிலன்றி, நியூயோர்க்கின் லோங் ஐலன்டில் பழைய விமானக் கொட்டகையொன்றில், ஏறத்தாழ 200,000 டொலர் செலவில் உருவாயிற்று. பணமின்மை காட்சிக்குக் காட்சி தெரிகின்றது. செவ்வாய் மாந்தரின் முகத்திற் பச்சைச் சாயம். தலைக்கவசத்திலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. துருவக் கரடி, கரடி வேடமிட்ட மனிதனே என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும். போர்விமானங்கள் வரவேண்டிய இடத்தில் இராணுவத்தின் பழைய படச்சுருள் ஒட்டப்பட்டிருக்கின்றது.

ஆயினும் கதை அற்பமானதன்று. செவ்வாய்க் குழந்தைகள் விளையாட மறந்து, பூமியின் தொலைக்காட்சியை வெறித்தபடி இருக்கின்றனர். அவர்களை மீட்கவே தலைவன் கிமார் நத்தார்த் தாத்தாவைக் கடத்துகின்றான். அங்கோ விளையாட்டுப் பொருள்களை யந்திரமே செய்கின்றது. பொத்தானை அழுத்துவதன்றி வேறு தொழிலற்ற கிழவர் சலிப்புறுகின்றார். தொலைக்காட்சி வீடுகளை நிறைக்க, தன்னியக்க யந்திரம் தொழிலாளியின் கையை வேலையினின்று விலக்கத் தொடங்கிய ஒரு சமூகத்தின் அச்சம் இது. செலவு மிக்க படமொன்றில் இவ்வச்சம் அலங்காரத்துள் மறைந்திருக்கும். இங்கு மறைப்பதற்குப் பணமில்லை.

படம் வெளியாகி இரு வாரங்களில், நவம்பர் 28இல், மரினர்-4 செவ்வாயை நோக்கி ஏவப்பட்டது. 1965 ஜூலையில் அது எடுத்த 21 முழுப் படங்களிலே குழிகள் நிறைந்த வெறும் நிலமே தெரிந்தது. தாய், தந்தை, பிள்ளைகள் என ஒரு குடும்பத்தைச் செவ்வாயிற் கூச்சமின்றிக் குடியேற்றக் கூடியதாயிருந்த கடைசிக் காலத்திலேதான் அக்கொட்டகையில் வேலை நடந்தது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே சூசன் சொன்ராக், 'காம்ப்' எனும் சுவையுணர்வு பற்றிய குறிப்புக்களை வெளியிட்டார். உளமார முயன்று தோற்ற படைப்பே அத்தகைய இன்பத்தைத் தூய வடிவில் தருவது என்பது அவர் கருத்துக்களில் ஒன்று. கூர்மையான விளக்கந்தான், எனினும் அது வளர்ந்தோரின் சுவையையே விளக்குகின்றது. இப்படத்தை உலகின் மிக மோசமான ஐம்பது படங்களுள் ஒன்றெனப் பட்டியலிட்ட நூல் 1978இலேயே வந்தது. தொலைக்காட்சியில் அதனைக் கேலி செய்து காட்டியது 1991இல். அதற்கு முன்னர் நத்தார்க் காலப் பகற்காட்சிகளில் அதனைப் பார்த்திருந்தவர்கள் சிறுவர்கள். கதிரைகளை வரிசையாக வைத்துப் பஸ் ஓட்டிய பிள்ளைக்கு, சாயம் பூசிய பெட்டி ஒன்று யந்திர மனிதனாவதிற் குறையென்ன? அது தன் விளையாட்டையே திரையிற் கண்டிருக்கும். நம்மை இன்றும் இப்படங்கள்பால் ஈர்ப்பது, ஏளனத்திலும் பார்க்க, அந்தப் பழைய அறிமுகமே என்று கருதுகின்றேன்.

இறுதியிற் கொடியவன் வோல்டாரைப் பிள்ளைகள் வீழ்த்துவதும் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டே. கிழவர் பூமிக்குத் திரும்ப, அவரது செந்நிற உடை செவ்வாயின் மகா சோம்பேறியான டுரொப்போவுக்குக் கிடைக்கின்றது.