இடம்பெயரும் இசை

ஒலி, பிறந்த கணத்திலேயே மறைவது. யாழ் நரம்பில் எழுந்த ஓசையும் பாணன் மிடற்றில் எழுந்த பாட்டும் கேட்டோர் நெஞ்சிலன்றி வேறெங்கும் தங்கியதில்லை. அவ்வொலியைப் பொருளொன்றின்மேல் நிறுத்தி, வேண்டும்போது மீட்கலாம் என்ற நிலை மனிதகுலத்துக்கு வாய்த்து ஏறத்தாழ 150 ஆண்டுகளே ஆகின்றன. தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் வெள்ளீயத் தாளில் தம் குரலைப் பதித்துத் திரும்பக் கேட்டார். அத்தாளோ சில முறை ஓட்டிய அளவிலேயே தேய்ந்து பயனற்றுப் போகும் இயல்பினது. அன்று தோன்றிய சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒலியை நிறுத்தக் கற்ற மனிதன், ஒலியைத் தாங்கும் பொருளை நிறுத்தக் கற்கவில்லை.

ஆதலின் ஒலிப்பதிவின் வரலாறு என்பது, பெரும்பகுதி, பாட்டு ஒரு பொருளை விட்டு மற்றொரு பொருளுக்குக் குடிபெயர்ந்த வரலாறே எனலாம். மெழுகுருளையிலிருந்து செப்பு அச்சுக்கும், அரக்குத் தட்டிலிருந்து காந்த நாடாவுக்கும், நாடாவிலிருந்து குறுந்தட்டுக்கும், குறுந்தட்டிலிருந்து கணிப்பொறிக்கும், கணிப்பொறி நிரம்பிய பின்னர் உள்ளங்கையில் அடங்கும் வெளி வன்தட்டுக்கும் அது பெயர்ந்து வந்துள்ளது. இறுதியாகச் சொன்ன பெயர்ச்சி இல்லந்தோறும், சிறு ஓசையுமின்றி நடப்பது. ஆயினும் அதில் இழக்கப்படுவன சிறியனவல்ல.

ஏடு பெயர்த்தெழுதிய மரபில் வந்த தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழியைக் கணிப்பொறிக்கும் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

அழித்துக் காத்தோர்

1900ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சயாம் நாட்டு இசைக்குழு ஒன்று பெர்லின் நகருக்கு வந்திருந்தது. அங்கு உளவியல் பேராசிரியராக விளங்கிய கார்ல் ஷ்டும்ப், அக்குழுவினரின் வாசிப்பை எடிசன் வகை மெழுகுருளைகளில் பதிந்தார். உலகின் பல இனத்தாரின் இசையையும் ஒருங்கு திரட்டிய பெர்லின் ஒலிப்பதிவகத்தின் தொடக்கம் அதுவே. 1905 முதல் 1933 வரை எரிக் வான் ஹார்ன்போஸ்டல் அதன் தலைமையை ஏற்றிருந்தார்.

மெழுகுருளையின் குறை வெளிப்படையானது. ஊசி ஒவ்வொரு முறை அதன்மேல் ஓடும்போதும் பள்ளத்தைச் சற்றே சுரண்டிச் செல்லும். கேட்கக் கேட்கப் பாட்டு தேயும். இதற்கு மாற்றாகப் பெர்லினில் கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சொன்றை உருளைக்கு இட்டு, மின்முலாம் முறையில் அதன்மேல் செம்பைப் படியச் செய்தனர். செம்பு தடித்த பின்னர் உள்ளிருந்த மெழுகை அகற்றினர். பாட்டின் மேடுபள்ளங்கள் யாவும் செம்பின் உட்புறத்தில் தலைகீழாகப் பதிந்து நின்றன. அந்த அச்சிலிருந்து எத்தனை உருளைகள் வேண்டினும் வார்த்துக் கொள்ளலாம். ஆனால் பாடகரின் முன் வைத்துப் பதிந்த அந்த முதல் உருளை அச்செயலிலேயே அழிந்து போயிற்று. மூலத்தைக் கொன்றே அதன் படியைப் பிறப்பித்தனர். முலாம் பூசுவோர் கையில் ஒரு பிழை நேர்ந்தால் திரும்பிச் செல்ல வழியில்லை. ஒவ்வோர் உருளையையும் அவர்கள் எத்தகைய நெஞ்சத்தோடு தொட்டியில் இறக்கியிருப்பர் என்பது எண்ணத்தக்கது.

அத்துணிவு வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக் கருதி அப்புறப்படுத்தப்பட்ட அத்தொகுப்பின் பெரும்பகுதி சோவியத்து நாட்டுக்குச் சென்று, பின்னர்க் கிழக்கு பெர்லினுக்கு மீண்டு, ஜெர்மனி ஒன்றான பின் 1991இல்தான் தனக்குரிய அருங்காட்சியகத்தை அடைந்தது. மெழுகு மட்டுமே இருந்திருப்பின் இத்தனை பயணத்தையும் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. 1999இல் யுனெஸ்கோ நிறுவனம் அத்தொகுப்பை உலக நினைவேட்டில் சேர்த்தது.

பாட்டின் இறுதியில் பெயர்

பாட்டு இடம் மாறும்போது முதலில் உதிர்வது பெயர். யார் பாடியது, எங்குப் பாடியது என்ற செய்தி பாட்டோடு ஒட்டிப் பிறப்பதில்லை. அதை ஒருவர் ஒட்டவேண்டும்.

1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அப்பதிவுகளைத் தட்டுகளாக அச்சிடும் தொழிற்கூடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்தது. கடல் கடந்து செல்லும் மெழுகுத் தட்டைக் கையில் எடுக்கும் ஜெர்மானியத் தொழிலாளிக்குப் பாடியவர் யாரென எவ்வாறு தெரியும்? கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அச்சிடுவோர் தட்டை அடையாளம் காண்பதற்காகவே அவ்வாறு சொல்ல வைத்தனர் என்பர். அக்குரல் இன்றும் அத்தட்டுகளில் கேட்கிறது. ஞானசம்பந்தர் பதிகந்தோறும் இறுதிப் பாடலில் தம் பெயரையும் ஊரையும் பொறித்து வைத்த திருக்கடைக்காப்பு மரபும், கீர்த்தனை இயற்றியோர் சரணத்தில் வைத்த முத்திரையும் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பு. எழுதுவோர் கைமாறினும் ஆசிரியர் பெயர் விடுபடாமல் இருக்க, பாட்டுக்குள்ளேயே பெயரை நெய்து வைப்பதினும் உறுதியான வழியில்லை.

கணிப்பொறி யுகத்திலும் இதே வழி மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. எம்.பி.3 கோப்புகள் பரவத் தொடங்கிய காலத்தில் அவற்றுள் பாட்டின் பெயரை வைக்க இடமே இல்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். பாட்டின் பெயருக்கு 30 பைட்டு, பாடியவர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4 என அதில் பங்கீடு அமைந்தது. பாட்டு முடிந்த பிறகே பெயர் வருவதால், கோப்பை வாசிக்கும் பழைய பொறிகள் அதனால் குழப்பமடையவில்லை.

முப்பது பைட்டு ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குப் போதாது. இன்றைய ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு தேவை. திருக்கடைக்காப்பு என்ற ஒரு சொல்லே 17 குறியீடுகள் கொண்டு 51 பைட்டை விழுங்கிவிடும். அன்றோ ஒருங்குறியும் பரவியிருக்கவில்லை. தமிழுக்கெனப் பலவகை எழுத்துருக் குறியீடுகள் வழங்கின. தமிழ்ப் பாடல்களின் பெயர்களைப் பலரும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்தனர். எழுத்துருவை நம்பித் தமிழில் எழுதியோரின் பெயர்கள் வேறு பொறிக்குப் பெயர்ந்தபோது பொருளற்ற குறிகளாயின. 1998 முதல் வெளிவந்த அடுத்த பதிப்பு இக்குறையைக் களைந்தது என்றாலும், அதற்கு முன் பெயரிழந்த கோப்புகள் தாமாகப் பெயர் பெறவில்லை.

ஒரு டன் எடையும் ஒரு பாட்டும்

வன்தட்டின் முன்னோடி 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பொறியாகும். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஏறத்தாழ ஒரு டன் எடை. அது தாங்கியது 50 இலட்சம் எழுத்துகள், அதாவது ஏறத்தாழ 3.75 மெகாபைட்டு. இன்றைய கணக்கில், நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த எம்.பி.3 பாட்டு ஒன்று. ஒரு பாட்டைச் சுமக்க ஓர் அறை வேண்டியிருந்தது.

குறுந்தட்டில் உள்ளபடியே இசையைக் கணிப்பொறிக்கு மாற்றினால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டு செலவாகும். 1998இல் வெளிவந்த முதல் ஐமேக் கணிப்பொறியின் வன்தட்டு 4 ஜிகாபைட்டு. நூறு பாடல்கூட அதில் அடங்காது. செவி பொருட்படுத்தாத நுண்கூறுகளை நீக்கிப் பாட்டைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் முறையைக் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் ஜெர்மனியில் உருவாக்கினர். 1995 ஜூலையில் அதற்கு எம்.பி.3 என்னும் பின்னொட்டு சூட்டப்பட்டது. மெழுகை அழித்துச் செம்பைப் பெற்றது போலவே இங்கும் ஒரு பங்கு நீக்கப்படுகிறது. நீக்கியதை அக்கோப்பிலிருந்து மீட்க இயலாது. குறுந்தட்டை விற்றுவிட்டுக் கோப்பை மட்டும் வைத்துக் கொண்டோர் பலர் இதனைப் பின்னரே உணர்ந்தனர்.

நூலகமும் நூல்களும்

2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைக்கலாம் என்ற விளம்பரத்தோடு 5 ஜிகாபைட்டு ஐபாடு வந்தது. 2003இல் விண்டோஸ் பொறிகளுக்கும் அம்மென்பொருள் கிடைத்தது. வீட்டுக் குறுந்தட்டுகள் யாவும் கணிப்பொறிக்குள் புகுந்தன. சில ஆண்டுகளில் கணிப்பொறி நிரம்பியது. 2000இல் வந்த யு.எஸ்.பி. 2.0 இணைப்பு, முந்தைய வேகத்தைப் போல் நாற்பது மடங்கு கொண்டு வெளி வன்தட்டை எளிதாக்கியது. வீடுதோறும் குடிபெயர்ச்சி தொடங்கியது. தவறுகளும் அப்போதே தொடங்கின.

பலரும் செய்தது இதுதான். பாடல்கள் இருந்த கோப்புறையை வெளி வன்தட்டுக்குப் படியெடுத்தனர், கணிப்பொறியில் இருந்ததை அழித்தனர், ஐடியூன்சைத் திறந்தனர். பட்டியலில் எல்லாப் பாடல்களின் பெயரும் இருந்தன. ஒன்றை அழுத்தியவுடன் அதனருகே ஒரு வியப்புக்குறி தோன்றியது. பாட்டைக் காணவில்லை என்பது அதன் பொருள். பாட்டு எங்கும் போய்விடவில்லை; அருகிலிருந்த வன்தட்டில்தான் இருந்தது. ஆனால் நூலகத்துக்கு அது தெரியாது.

இதன் காரணத்தை உணர நூலகம் வேறு, நூல்கள் வேறு என்பதை மனங்கொள்ள வேண்டும். பாடல்கள் தனித்தனிக் கோப்புகள். நூலகம் என்பது வேறொரு தனிக்கோப்பு. ஒவ்வொரு பாட்டும் எந்தத் தட்டில், எந்தக் கோப்புறையில் உள்ளது என்ற முழு முகவரியையும் அது குறித்து வைத்திருக்கும். அலமாரியை அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டு அட்டவணையை மாற்றாமல் விட்ட நூலகரின் நிலையே இது. விண்டோசில் வெளி வன்தட்டு நேற்று ஓர் எழுத்தும் இன்று வேறோர் எழுத்தும் பெற்றுவிட்டால்கூட, ஒரு கோப்பும் அசையாத நிலையிலேயே நூலகம் முழுதும் வியப்புக்குறியாகிவிடும்.

பலர் பொறுமையிழந்து பாடல்களை மீண்டும் புதிதாகச் சேர்த்தனர். பாடல்கள் வந்தன, வேறு சில வரவில்லை. எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும், விரும்பியவற்றுக்கு இட்ட விண்மீன்களும், தாமே கோத்து வைத்த பாடல் வரிசைகளும் பாட்டுக் கோப்பில் இல்லை. நூலகக் கோப்பில்தான் இருந்தன. ஒரு திருமணத்துக்கென, ஒரு நெடும்பயணத்துக்கென, மறைந்த ஒருவர் விரும்பிக் கேட்டனவற்றை நினைந்து என ஒருவர் கோத்த வரிசை அவருடைய ஆக்கம். புறப்பாடல்கள் பல புலவருடையன. தொகுத்த முறை தொகுத்தவருடையது. அத்தொகுப்பு போயிற்று என்பதைப் பாடல்கள் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தோர் உடனே உணரவில்லை.

முறையான வழி அம்மென்பொருளிலேயே இருந்தது. புதிய கோப்புறையின் இடத்தை முதலில் ஐடியூன்சுக்கு அறிவிக்க வேண்டும். பின்னர்க் கோப்புகளை ஒருங்கு திரட்டுமாறு அதனிடமே பணிக்க வேண்டும். அது ஒவ்வொரு பாட்டையும் படியெடுத்து, அட்டவணையில் முகவரியையும் மாற்றும். பழைய கோப்புகளை அது அழிக்காது. எல்லாம் சரியாக ஒலிப்பதைக் கேட்டுத் தெளிந்த பின் பயனரே தம் கையால் அழிக்கவேண்டும். பெர்லின் தொழிலாளருக்கு வாய்க்காத நற்பேறு இது. ஆயினும் இட நெருக்கடியால், கேட்டுத் தெளியும் முன்பே அழித்தோர் பலர். ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல்களுக்கு 2009 வரை பூட்டும் இருந்தது. ஒப்புதல் பெற்ற கணிப்பொறியிலன்றி அவை ஒலிக்கமாட்டா. 2019இல் மேக் கணிப்பொறிகளில் ஐடியூன்சின் இடத்தை மியூசிக் என்னும் மென்பொருள் பிடித்தது. முகவரியை நினைவில் வைக்கும் அந்த அமைப்பு மட்டும் தொடர்ந்தது.

நகர்த்தல் என்ற சொல்லே இங்கு மயக்கம் தருவது. ஒரே வன்தட்டுக்குள் நகர்த்தும்போது கோப்பு அசைவதில்லை; முகவரி மட்டும் மாறுகிறது. வேறு வன்தட்டுக்கு நகர்த்தும்போது நடப்பது படியெடுத்தலும், அதனைத் தொடர்ந்து அழித்தலும். ஒரு சொல்லுக்குள் இரண்டு வினைகள் ஒளிந்துள்ளன.

வெளி வன்தட்டும் இறுதி இல்லமன்று. சுழலும் தட்டுக்கும் அதனை வாசிக்கும் முனைக்கும் இடையே உள்ள தொலைவு சில நானோமீட்டரே. ஓடும்போது மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும். 1860இல் பாரிசில் எதுவார் லெயோன் ஸ்கோத் புகைக்கரி படிந்த தாளில் ஒலியின் வடிவத்தை வரைந்தார். அவர் அதைத் திரும்பக் கேட்க எண்ணியவரல்லர். 148 ஆண்டுகள் கழித்து, 2008இல் அமெரிக்க ஆய்வாளர் அத்தாளைப் படம்பிடித்துக் கணிப்பொறியால் பாட வைத்தனர். கரித்தாள் அத்தனை காலம் காத்திருந்தது. பத்தாண்டு அலமாரியில் கிடந்த வன்தட்டு சுழலும் என்பதற்கு உறுதி கூறுவார் இல்லை.

பேரிழப்பு ஒன்று

வீட்டில் நிகழும் பிழை நிறுவனத்திலும் நிகழும். 2003இல் தோன்றிய மைஸ்பேஸ் இணையத்தளத்தில் பெயர் பெறாத இளங்கலைஞர்கள் உலகெங்கிலுமிருந்து தம் பாடல்களை ஏற்றினர். அங்கு ஏற்றியதே பாதுகாப்பு என நம்பி, தம்மிடம் படி வைக்காதோரும் அவர்களுள் உண்டு. 2019 மார்ச்சில் அந்நிறுவனத்தின் அறிவிப்பு பலரும் அறிய வெளிவந்தது. வழங்கிகளை இடம்பெயர்த்த பணியின் விளைவாக, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றப்பட்ட ஒலி, ஒளி, படக் கோப்புகள் இனிக் கிடைக்காமல் போகலாம் என்பது அதன் சாரம். 2003 முதல் 2015 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் கலைஞர்கள் ஏற்றிய 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் அடங்கும் எனச் செய்தித்தாள்கள் எழுதின. தீயோ வெள்ளமோ போரோ இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவை போயின.

அடுத்த திங்களில் சிறு ஆறுதல் ஒன்று கிட்டியது. இணைய ஆவணகம் 4,90,000 பாடல்களை வெளியிட்டது. பெயர் வெளியிட விரும்பாத கல்வியாளர் குழு ஒன்று, இசைவழித் தொடர்புகளை ஆராய்வதற்காக 2008க்கும் 2010க்கும் இடையே மைஸ்பேசிலிருந்து படியெடுத்தவை அவை. பாடல்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு அன்று இருந்ததில்லை. ஆய்வுக்கு எடுத்த படி ஆய்வு முடிந்த பின்னும் அழிக்கப்படாமல் இருந்தது, அவ்வளவே. இழந்தவற்றுள் நூற்றில் ஒரு பங்குக்கும் அவை குறைவு. அவற்றின் மொத்த அளவு 1.3 டெராபைட்டு. கடையில் கிடைக்கும் 2 டெராபைட்டு வெளி வன்தட்டு ஒன்றில் அவை முழுவதும் அடங்கும், இடமும் மிஞ்சும்.