டிராக்கில் கார் ஓட்டப் போகிறீர்களா? இன்ஜினைக் காலி செய்யும் அந்த 2 விநாடிகள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். சொந்தக் காரை ஆசை தீர ஓட்டிப் பார்க்க 'டிராக் டே' போகிறவர்களுக்குத் தெரிந்த இடங்கள் இவை. போவதற்கு முன் டயரைப் பார்ப்பார்கள், பிரேக் பேடைப் பார்ப்பார்கள். ஆயிலைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் சர்வீஸ்ல ஊத்தியாச்சு" என்பார்கள். பல இன்ஜின்கள் காலியாவது அங்கேதான்.

ஆயில் இருந்தும் ஏன் பிரச்சினை?

ஓடும் பஸ்ஸில் தூக்குவாளியில் சாம்பார் கொண்டுபோயிருக்கிறீர்களா? பஸ் திரும்பும்போது சாம்பார் ஒரு பக்கமாக ஏறும். காரின் ஆயில் சம்ப்பிலும் இதேதான் நடக்கிறது. வளைவில் கார் 1 ஜி விசையை எட்டினால், உள்ளே இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாய் அந்த நேரத்தில் வெளியே தெரிந்தால், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

ஊருக்குள் திரும்பும் வளைவுகள் மெதுவானவை, சட்டென்று முடிந்துவிடும். டிராக்கில் அப்படி இல்லை. புத் சர்க்யூட்டின் 10, 11-வது வளைவுகள் சேர்ந்து வரும் நீண்ட வலதுபக்கத் திருப்பம் போன்ற இடங்களில், ஆயில் பல விநாடிகள் ஒரே பக்கம் ஒதுங்கி நிற்கும்.

6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்கு 100 முறை சுற்றுகிறது. 2 விநாடி ஆயில் வராவிட்டால், 200 சுற்று. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 0.05 மில்லிமீட்டர் அளவுதான். அதை நிரப்பும் ஆயில் படலம் அறுந்தால் இரும்பும் பேரிங்கும் நேராக உரசும். பேரிங் தேயும், இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், கடைசியில் சீஸ் ஆகும்.

சிவப்பு லைட் எரியுமே?

எரியும், ஆனால் லேட்டாக. பல கார்களில் ஆயில் அழுத்தம் சுமார் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் அந்த லைட் வரும். 1,000 ஆர்பிஎம்முக்கு சுமார் 0.7 பார் வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கைக்கணக்கு. அதன்படி 6,000-த்தில் 4 பாருக்கு மேல் தேவை. அழுத்தம் 1 பாருக்கு இறங்கியிருந்தாலும் லைட் சும்மாதான் இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் டிராக் டே, கம்பெனி டயர் என்றால்: கார் மேனுவல் சொல்லும் கிரேடில் புது சிந்தெட்டிக் ஆயில் மாற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் திரும்பப் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

வெப்பத்தைக் கவனியுங்கள்: டேஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள் கூலன்ட்டுடையது, ஆயிலுடையது அல்ல. தனி ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் இருந்தால், 130 டிகிரியை நெருங்கும்போது ஒரு ரவுண்டு மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். அடிக்கடி அந்த அளவுக்குப் போனால் ஆயில் கூலர் தேவை.

செமி-ஸ்லிக் டயர் போட்டிருந்தால்: இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். பிடிமானம் கூடினால் வளைவில் ஜி விசையும் கூடும். ஆயில் இன்னும் அதிகமாக ஒதுங்கும். டயருக்குச் செலவு செய்யும்போதே, உள்ளே தடுப்புத் தகடுகள் கொண்ட 'பேஃபிள்' சம்ப்புக்கும் ஆயில் பிரஷர் மீட்டருக்கும் பட்ஜெட் ஒதுக்குங்கள்.

அதற்கும் மேலே: அழுத்தம் குறையும்போது சேமித்து வைத்த ஆயிலைத் தள்ளிவிடும் அக்யுமுலேட்டர் உண்டு. ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் 'டிரை சம்ப்' முழுமையான தீர்வு. போர்ஷே 911 ஜிடி3, 2006-ல் வந்த கார்வெட் இசட்06 போன்ற கார்கள் இதோடுதான் வருகின்றன. சாதாரண காரில் பொருத்தச் செலவு அதிகம்.

ஓடும்போது லைட் எரிந்தால்?

"பிட் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், கிளட்சை மிதியுங்கள், பின்னால் வருபவர்களின் பாதையிலிருந்து விலகுங்கள். வேகம் குறைந்ததும் இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ஆயில் கசிந்து டிராக்கில் சிந்தினால், பின்னால் வரும் கார் வழுக்கும்.

இன்னொரு விஷயம். இந்தியாவில் வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி, ரேஸ், வேகப் பரிசோதனை போன்ற பயன்பாடுகளுக்குப் பொருந்தாது. மெக்கானிக்கல் பிரேக்டவுனும் அதில் வராது. இன்ஜின் போனால் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். எனவே டிராக்குக்குக் கிளம்பும் முன் உங்கள் பாலிசியையும் வாரண்டி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கூடவே ஒரு லிட்டர் ஆயிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.