ஃபுக் தக் சி: ஒரு கோயிலின் பெயரில் எஞ்சிய மொழி

சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு சிறிய சீனக் கோயில் உள்ளது. கான்டனீயரும் ஹக்காவினரும் 1824இல் நிறுவிய இந்த ஃபுக் தக் சி கோயிலில் 1994இல் வழிபாடு நின்றது. 1998 முதல் அது சீனக் குடியேறிகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக இயங்கிவருகிறது.

தெலோக் ஆயர் என்பது மலாய்ப் பெயர். ‘தெலோக்’ என்றால் விரிகுடா. ‘ஆயர்’ என்றால் நீர். அன்று கடல் இத்தெருவின் ஓரம்வரை இருந்தது. தென்சீனத்திலிருந்து பாய்மரக் கப்பல்களில் வந்தோர் கரையேறியதும், உயிரோடு வந்து சேர்ந்தமைக்கு நன்றி செலுத்திய இடங்களுள் இக்கோயிலும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கரை தூர்க்கப்பட்டு, கடல் விலகிப்போயிற்று. தெருவின் பெயரில் மட்டும் விரிகுடா தங்கிவிட்டது.

இங்கு வழிபடப்பட்ட தெய்வம் துவா பெக் கோங். மண்ணையும் வளத்தையும் காப்பவர். குலத்து மூத்தவரைக் குறிக்கும் உறவுமுறைச் சொல்லே அவருக்குப் பெயர். ஊர்த் தெய்வத்தை அப்பன் என்றும் ஐயன் என்றும் அழைத்துப் பழகிய தமிழருக்கு இவ்வழக்கு அந்நியமன்று. கோயில் வழிபாட்டோடு நிற்கவில்லை. இரு சமூகத்தாருக்கும் பொது மன்றமாக இருந்து, அவர்களிடையே எழுந்த பூசல்களையும் தீர்த்துவைத்தது.

‘சீனக் கோயில்’ என்னும் பொதுப்பெயர் ஒரு முக்கியமான உண்மையை மறைத்துவிடுகிறது. கான்டனீயம், ஹக்கா, ஹொக்கியன் ஆகியவற்றுள் ஒன்றைப் பேசுபவருக்கு மற்றொன்று செவிக்கு விளங்காது. ஆகவேதான் குடியேறிகள் மொழிவாரியாகத் திரண்டார்கள். அதே தெருவில் ஹொக்கியன் மக்கள் 1839க்கும் 1842க்கும் இடையே தியான் ஹொக் கெங் கோயிலைத் தமக்கெனக் கட்டினார்கள்.

எழுத்து இந்த வேற்றுமையைக் காட்டுவதில்லை. கோயிலின் பெயரான மூன்று சீன எழுத்துகளை ஒவ்வொருவரும் தத்தம் மொழியின் ஒலியில் வாசிக்கலாம். பொருள் ஒன்றே: நற்பேறும் நல்லொழுக்கமும் உறையும் திருத்தலம். மாண்டரினில் அது ‘ஃபூதெ த்ஸு’ என்று ஒலிக்கும். ‘ஃபுக் தக் சி’ என்பது கான்டனீய ஒலிப்பு. நிறுவியவர்களின் நாவில் பிறந்த ஓசை, சீன எழுத்தில் தெரியாமல், அயல் எழுத்தாகிய ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

1979இல் சிங்கப்பூர் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பிற சீன மொழிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் பெரும்பாலும் விலக்கப்பட்டன. பேரப்பிள்ளைகள் பலர் பாட்டியின் மொழியில் பேச இயலாதவர்களாக வளர்ந்தனர். கோயில் அருங்காட்சியகமானது அதன் பின்னரே. இருந்தும் பெயர் மாண்டரினுக்கு மாறவில்லை. ஆயினும் அது காப்பது ஒரு தரப்பின் குரலை மட்டுமே. உடன் நின்று நிறுவிய ஹக்காவினரின் ஒலிப்பு அப்பெயரில் இல்லை.

அத்தெருவில் தமிழ்ச் சுவடும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1828–1830இல் நாகூர் தர்காவை அங்கே எழுப்பினர். அதுவும் 2011இல் மரபுடைமை மையமாயிற்று. அருகிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827இல் கூரைக் குடிலாகத் தொடங்கியது. அதனால் ‘குச்சுப் பள்ளி’ எனப் பெயர்பெற்றது. குடிசை மறைந்து கற்கட்டடம் வந்த பின்னும் ‘குச்சு’ என்ற தமிழ்ச்சொல் நிலைத்தது.

அருங்காட்சியகம் பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கும். ஒலியை அவ்வாறு காக்க இயலாது. அதை எவரேனும் உச்சரித்தாக வேண்டும். ஃபுக் தக் சிக்கு வழி கேட்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, மூன்று கான்டனீய அசைகளைப் பேசிச் செல்கிறார்கள்.